மெமரிக்குத் தெளித்த தீர்த்தம்

எண்பதுகளின் கடைசியில், தட்டாஞ்சாவடிக் கம்பெனி ஒன்று ஓரங்கட்டிய பழைய கம்ப்யூட்டரை என் மருமகன் வாங்கி வந்து எங்கள் வீட்டு முன்னறையில் வைத்தார். மில்லில் நூல் நூற்கிறவர், இனிமேல் பிள்ளைகளுக்கு அதில் பாடம் சொல்லிக் கொடுக்கப் போகிறாராம். வகுப்பு தொடங்கியதும் மில்லுக்கு முழுக்கு. தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லி வைத்திருந்தார்.

வாங்கிய பிறகுதான் தெரிந்தது, பெட்டிக்கு மெமரி போதாது. பாடம் ஏறவில்லை.

"ஆளுக்கேத்த பெட்டிதான்" என்றேன்.

மகள் முறைத்தாள். நான் சொன்னதில் என்ன தப்பு? உப்பு வாங்கப் போய், மறந்து வெறுங்கையோடு திரும்புகிற மனுஷன் பெட்டிக்கு ஞாபகம் கூட்டக் கிளம்பினார். மெட்ராஸ் போய் வாங்கி வந்தார். பூரான் போல இரண்டு பக்கமும் கால் வைத்த கறுப்புத் துண்டுகள். மகள் டார்ச் அடிக்க, இவர் ஒவ்வொன்றாக உள்ளே வைத்து அழுத்தினார். கால் மடங்கும். நிமிர்த்துவார். மறுபடி மடங்கும். ஒரு வழியாகப் பாடம் ஏறிவிட்டது. தேர்தலில் ஜெயித்தவர் போலத் தெருவில் நடந்தார்.

ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும், பெட்டியை மந்திரிக்கப் பங்குச் சாமியாரைக் கூட்டி வந்தார். சேர வந்த பிள்ளைகளும் பெற்றவர்களும் வாசல் வரை நின்றார்கள். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. மேல்மூடி இல்லை.

"மூடலையா மாப்ளே?"

"புது மெமரி நாலு பேர் கண்ணுல படட்டும் அத்தை."

சாமியார் ஓரமாக இரண்டு சொட்டுத் தீர்த்தம் தெளித்தார். இவருக்குப் போதவில்லை.

"உள்ள தெளிங்க சாமி. மெமரி மேலயே நல்லா உழட்டும்."

"கரன்ட்டு ஓடுதேப்பா."

"ஆசீர்வாதந்தான சாமி, ஒண்ணும் ஆவாது."

தெளித்தார். பட்டென்று ஒரு சத்தம். திரை இருண்டது. ரப்பர் கருகிய வாடை வந்தது. சாமியார் புத்தகத்தை மூடினார். பெற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பிள்ளைகளோடு கலைந்தார்கள். பெட்டி அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் மில் சங்கு ஊதியது. மருமகன் சத்தமில்லாமல் சைக்கிளை வெளியே எடுத்தார். சாப்பாட்டுக் கேரியரை நான்தான் கொண்டுபோய் நீட்டினேன்.

"தண்ணி பட்டா எந்த மெஷினும் நின்னுதான் போவும் அத்தை" என்றார், நான் ஒன்றும் கேட்காமலே.

"எனக்குங்கூட ஞானஸ்நானத்துல தலையில தண்ணி ஊத்துனாங்க மாப்ளே. நின்னா போயிட்டேன்?"

கேரியரை வாங்கி மாட்டிக்கொண்டு போனார்.