அருள் வந்ததென்று நினைத்தோம்

துறைமுகத்தில் கங்காணியோடு சண்டை போட்டு வேலையை விட்டுவிட்டு, துணிமூட்டையுடன் சிராங்கூன் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். நண்பன் மாரிமுத்துவின் அறையில் படுத்துக்கொள்ளலாம் என்று எண்ணம்.

தினமும் சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்து வந்த மாரிமுத்து, தைப்பூசக் காவடிக்காக அந்த வாரம்தான் குடியை அடியோடு நிறுத்தியிருந்தான். நான் போனபோது உடம்பு நடுங்க, வியர்த்துக் கொட்ட, சுவரில் இல்லாத எதையோ பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அருள் வந்துவிட்டதென்று அறையிலிருந்தவர்கள் திருநீறு பூசிக் குறி கேட்டார்கள். நானும் கும்பிட்டேன். சட்டென்று அவன் கண் செருகி விழுந்தான், வலிப்பு இழுத்தது.

டாக்சியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். "குடிப்பாரா?" என்று தாதி கேட்டார்.

"சேச்சே, விரதக்காரர் மிஸ்ஸி," என்றார் கூட வந்தவர்.

எனக்குப் பயமாகிவிட்டது. "போன வாரம் வரைக்கும் தினமும் சம்சுதான் மிஸ்ஸி," என்றேன்.

"இத முதல்ல சொல்லணும் லா. அப்படிக் குடிக்கிறவரு திடீர்னு நிறுத்தினா உயிரே போயிடும். இங்க வந்து நிறுத்தணும்."

ஊசி போட்டார்கள். விளக்கை அணைக்கவில்லை. அவன் மிரளும்போதெல்லாம், "இது ஆஸ்பத்திரி, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்று என்னைச் சொல்லச் சொன்னார் தாதி. விடிந்ததும் என்னை அடையாளம் கண்டு தண்ணீர் கேட்டான்.

அன்று காலை தோ பாயோவில், அடுக்குமாடி கட்டும் இடத்தில் கலவை சுமக்கச் சேர்ந்தேன். கூட நின்றவர், காவடிக்காக அன்றுமுதல் குடிக்கப் போவதில்லை என்றார்.

"தினமும் குடிப்பீங்களாண்ணே? அப்ப ஆஸ்பத்திரியில கேட்டுட்டு நிறுத்துங்க."

"வந்த அன்னிக்கே டாக்டர் வேலையா?" என்று சிரித்தார்.

அவர் சரி என்று சொல்லும்வரை நான் கூடையைத் தூக்கவில்லை.