அத்தை தின்னாத வெல்லம்

அத்தைக்குச் சக்கரை வியாதி. ஊசி போட்டும், வேளாவேளைக்கு மாத்திரை விழுங்கியும் அது இறங்கவே இல்லை. திருட்டுத்தனமாகத் தின்கிறாள் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அம்மா வெல்ல டப்பாவைப் பரண்மேல் ஏற்றிவைத்தாள். அப்பா, சொந்த அக்காவென்றும் பாராமல், "வாயக் கட்டத் தெரியல, அப்புறம் இன்னாத்துக்கு ஊசி?" என்பார். பாகூர் ஏரிக்கரையில் விடிகாலையில் நடந்துவிட்டு வந்து, கேழ்வரகுக் கூழை மட்டும் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் அத்தை, எழுந்து சொம்பைக் கழுவப் போய்விடுவாள்.

தலைவலி வந்தால் சக்கரை. வேர்த்துக் கொட்டினால் சக்கரை. தன் செருப்பு சேராமல் அப்பாவின் செருப்பைப் போட ஆரம்பித்தபோது, அதுவும் சக்கரை வீக்கம்தான். குரல்கூடத் தடித்துப்போயிருந்தது.

விரல்கள் மரத்துப்போகின்றன என்று புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன். அங்கிருந்த டாக்டரம்மா அத்தையின் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மோதிரம் போடறதில்லியாம்மா?"

"சேரல மேடம். வெரலு பெருத்துப்பூடுச்சு."

"பழைய போட்டோ ஏதாவது இருக்கா?"

அப்பா செல்லில் என் காதுகுத்துப் படத்தைத் தேடி எடுத்தார். அதில் என்னைத் தூக்கிக்கொண்டு நின்ற அத்தைக்குச் சின்ன மூக்கு, ஒடுங்கிய தாடை. டாக்டரம்மா படத்தையும் அத்தையையும் மாறிமாறிப் பார்த்தார். கூடவே இருந்த எங்கள் கண்ணில் படாதது அவர் கண்ணில் பட்டுவிட்டது. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

முடிவு வந்த அன்றும் நான் போயிருந்தேன்.

"மூளைக்கு அடியில சின்னக் கட்டி இருக்கும்மா. அபூர்வமா வர்றது. கை, கால், மூஞ்சியெல்லாம் அதுதான் பெருசாக்குது. சக்கரைய ஏத்தறதும் அதுதான். கேன்சர் இல்ல, எடுத்துடலாம்."

அப்பா அழுதுவிட்டார். அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்போ நான் தின்னதால இல்லியா மேடம்?"

"இல்லம்மா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"கேட்டியாடா தம்பி?" என்று அப்பா பக்கம் திரும்பினாள். அத்தை சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பிறகு மூக்கு வழியாகவே அந்தக் கட்டியை எடுத்தார்கள். சக்கரையும் மெல்ல இறங்கியது. ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வந்ததுதான். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து கரும்புக் கொல்லைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா சொன்னது அவளுக்கு விளங்கவில்லை போலும் என்று எனக்குப் பாவமாக இருந்தது. காதருகே போய்ச் சொன்னேன்.

"அத்த, ஒனக்கு மூளையில கட்டியாம்."

"தெரியும்டி" என்றாள், சிரிப்பு அடங்காமல்.

தெரிந்துமா ஒருத்தி சிரிப்பாள் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. முன்சீட்டில் இருந்த அப்பா ஊர் வரும்வரை ஏன் ஒருமுறைகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை என்பதும் புரியவில்லை.