அண்ணன் மெலிந்த வருஷம்

நடந்தது இந்த வரிசையில்.

1. அண்ணன் பந்தயச் சைக்கிள் ஓட்டுவதை நிறுத்தினார்.
2. பந்தயக்காரருக்கான சாப்பாட்டை நிறுத்தவில்லை.
3. உடம்பு பெருத்தது.
4. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டு விரதம் இருந்தார். மெலிந்தார்.
5. காவடி இறக்கியதும் மறுபடி பெருத்தார். மறுபடி ஏதாவதொரு சாமிக்கு நேர்ந்துகொண்டார்.
6. ஒரு வருஷம், விரதம் முடிந்த பிறகும் மெலிந்துகொண்டே போனார். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

நான் எழுத நினைத்தது ஆறாவதைப் பற்றி. ஆனால் மற்ற ஐந்தையும் சொல்லாமல் அது விளங்காது.

அண்ணன் சைக்கிள் ஓட்டியது பொழுதுபோக்குக்காக அல்ல. சிராங்கூன் ரோட்டில் சைக்கிள் இறக்குமதி செய்யும் கம்பெனி ஒன்று அவருக்கு மாதச் சம்பளம் கொடுத்துப் பந்தயங்களில் ஓட்ட வைத்தது. பச்சைச் சட்டை, முதுகில் கம்பெனியின் பெயர். எங்கள் தீவுக்குள் நடக்கும் பந்தயங்கள் போக, லாரியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு மலாயாவுக்கும் போய் வருவார்கள். அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டார். தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடி அறையில் அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேர். என் படிப்பு முழுவதும் அண்ணனின் கால்கள் சம்பாதித்ததில்தான் நடந்தது.

விடியுமுன் கிளம்பிவிடுவார். புக்கிட் தீமா ரோட்டில் மேடேறி, சுவா சூ காங் தோட்டங்களைச் சுற்றிக்கொண்டு, நான் பள்ளிக்குப் புறப்படும் நேரத்துக்குத் திரும்பி வருவார். காலுறையில் செம்மண்ணும் பன்றிப் பண்ணை வாடையும் ஒட்டியிருக்கும். அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு அவர் துணியை மட்டும் தனி வாளியில் ஊறப்போடுவார். பிறகு சாப்பாடு தொடங்கும். அரைவேக்காட்டு முட்டைகள், ரொட்டி, டின் பால், அதற்குமேல் சோறு. மத்தியானம் ஆட்டுக்கால் சூப். கால் சோர்ந்தால் குளுக்கோஸ் தூளைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பார். தலைவலிக்கும் அதுதான், காய்ச்சலுக்கும் அதுதான். அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து அது.

முழங்கால் ஒன்று கெட்டுப்போய், இளைய ஆட்கள் முந்தத் தொடங்கியதும் அவரே நிறுத்திக்கொண்டார். முதலாளி அவரைக் கைவிடவில்லை. நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் வியாபாரி அவர். யாரையும் சட்டென்று கழற்றிவிடுகிறவர் அல்ல. கடையிலேயே விற்பனைக்கு நிறுத்திக்கொண்டார். அதோடு, அண்ணன் பச்சைச் சட்டையில் குனிந்து ஓட்டும் புகைப்படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, அண்ணன் நிற்கும் மேசைக்கு நேர் மேலே மாட்டினார். மரியாதையாகத்தான் செய்தார். ஆனால் உள்ளே வருகிற எவருக்கும் மேலே ஒருவரையும் கீழே ஒருவரையும் ஒரே நேரத்தில் பார்க்காமல் இருக்க முடியாது.

“படத்துல இருக்கறது யாருண்ணே, உங்க தம்பியா?” என்று ஒருவர் கேட்டது எனக்கே தெரியும். நான் அன்று மதியச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன்.

“ட்யூப்ல காத்து கூடிப்போச்சு லா. வால்வைக் கொஞ்சம் தொறந்துவிடுங்க,” என்றார் பக்கத்தில் சக்கரம் கோத்துக்கொண்டிருந்தவர்.

“தொறந்தா நீ பறந்துபோய் புகிஸ் ஸ்ட்ரீட்ல விழுவ, பரவாயில்லையா?” என்றார் அண்ணன். எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார். நான் கொண்டுபோன அடுக்குச் சட்டியை அன்று அவர் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு பங்கு சாப்பிட்டார்.

சாப்பாட்டை அவரால் குறைக்க முடியவில்லை. பசி பழைய கணக்கிலேயே வந்தது, செலவழிக்கத்தான் வழியில்லை. இடுப்பு வாரில் ஓட்டைகள் போதாமல், சைக்கிள் சீட்டுத் தோலைத் தைக்கும் ஊசியால் புதிதாகக் குத்திக்கொண்டார். சாமான் நிறுக்கும் பெரிய தராசில் சனிக்கிழமைதோறும் கடை மூடிய பிறகு ஏறி நிற்பார் என்று பின்னால் முதலாளி சொல்லித் தெரிந்தது.

முதல் நேர்த்திக்கடன் உண்மையானது. அம்மா டைபாய்டில் கிடந்து பிழைத்ததற்காக அண்ணன் காவடி எடுத்தார். ஒரு மண்டலம் மரக்கறி, ஒருவேளைச் சாப்பாடு, தரையில் பாய். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து அவர் காவடியோடு புறப்பட்டபோது, பழைய பச்சைச் சட்டைக்காரரின் தோள்கள் மறுபடி தெரிந்தன. அம்மா அழுதார். பக்தியில் அழுதார் என்றுதான் நினைக்கிறேன்.

அண்ணன் அந்த விரத நாட்களில் ஒன்றைக் கண்டுகொண்டார். பருத்தவர் சோறு வேண்டாம் என்றால் வீட்டில் விடமாட்டார்கள், வெளியே சிரிப்பார்கள். சாமிக்காக வேண்டாம் என்றால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். விரதம் இருப்பவரிடம் ஏன், எதற்கு என்று கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. சோற்றுக் கரண்டியோடு விரட்டுகிற அம்மா, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுவார்.

அதற்குப் பிறகு பங்குனி உத்திரம், புரட்டாசிச் சனிக்கிழமைகள், தீமிதி, கந்த சஷ்டி. ஒன்று முடிந்து உடம்பு ஏறத் தொடங்கியதும் அடுத்தது. “அடுத்த சீசன் தீமிதி, தங்கச்சி,” என்பார் என்னிடம் மட்டும், தாழ்ந்த குரலில். பந்தயக்காரர்கள் பேசும் பாஷை அது. நான் அப்போது ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகப் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கலோரி, மாவுச்சத்து என்று நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், “உன் கணக்கு சரிதான். ஆனா கணக்குக்காக என்னால பட்டினி கெடக்க முடியல. முருகனுக்காகன்னா முடியுது,” என்றார். அதில் பொய் இல்லை என்று தோன்றியது.

அடுத்தது நான் சொல்ல வந்த வருஷம். தைப்பூசம் முடிந்தது. மறுநாளே அம்மா ஆட்டிறைச்சி சமைத்தார். அண்ணன் எப்போதும்போல, எப்போதையும்விட அதிகமாக, சாப்பிட்டார். உடம்பு ஏறவில்லை. பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. கன்னம் ஒட்டியது, வார் உள் ஓட்டைகளுக்குத் திரும்பியது. அவர் எந்த விரதத்திலும் இல்லை.

“இத்தன வருஷ விரதம், வீணா போவுமா?” என்றார் அம்மா. பந்தயம், பருமன் என்று தள்ளிப்போன கல்யாணப் பேச்சு மறுபடி எழுந்தது. ஒரு பெண் வீட்டிலிருந்து ஜாதகம் கேட்டு ஆள் வந்தது. கடையில் யாரும் இப்போது படத்தைக் காட்டிக் கேள்வி கேட்கவில்லை. முதலாளி அவரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “மாஷா அல்லாஹ்! பழைய ஆளு திரும்பி வந்துட்டாரு லா,” என்றார். அந்த வருஷம் கம்பெனி நடத்திய பந்தயத்தில் முதல் ஒரு மைல் தூரம் அண்ணன் பச்சைச் சட்டையில் முன்னே ஓட்டிச் செல்வது, பிறகு விலகிக்கொண்டு இளைஞர்களுக்கு வழிவிடுவது என்று ஏற்பாடாயிற்று.

சட்டை தகரப்பெட்டியில் இருந்தது. போட்டுப் பார்த்தார். தொளதொளவென்று இருந்தது. அம்மா பக்கவாட்டில் பிடித்துத் தைத்துக் கொடுத்தார்.

ஃபேரர் பார்க் மைதானத்தில் புறப்பாடு. அம்மாவும் நானும் கயிற்றுக்குப் பின்னால் நின்றோம். கொடி அசைந்ததும் அண்ணன் குனிந்து மிதித்தார். தூரத்திலிருந்து பார்க்க அந்தப் புகைப்படமே நகர்வதுபோல இருந்தது. கைதட்டினார்கள். அம்மா பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவரிடம், “எம்மவன்,” என்றார்.

ஒரு மைல் ஓட்டிவிட்டு அண்ணன் திரும்பி வந்தார். சைக்கிளை என் கையில் கொடுத்துவிட்டுக் கொண்டுவந்திருந்த குளுக்கோஸ் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். கரும்புச்சாறு வாங்கிக் குடித்தார். இன்னொன்று வாங்கினார். கழிவறைப் பக்கம் போனார், வந்தார், மறுபடி குடித்தார்.

“என்னண்ணே, இவ்வளவு தாகம்?”

“கொஞ்ச நாளாவே இப்படித்தான். கால் சோந்துபோவுது. அதான் குளுக்கோஸைக் கூட்டிக்கிட்டேன், காலையில ரெண்டு கிளாஸ், ராத்திரி ரெண்டு.”

நான் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். மனதில் தானாக வரிசை விழுந்தது. தாகம். அடிக்கடி சிறுநீர். சோர்வு. நிறையச் சாப்பிட்டும் மெலிவு. வார்டுகளிலிருந்து புட்டிகளோடு வரும் சீட்டுகளில் நான் தினமும் வாசிப்பது. வாசிக்கும்போதெல்லாம் அவை வேறு யாருடைய அண்ணனுடையவையாகவோ இருந்தன.

மறுநாள் காலை ஒரு காலிப் புட்டியை அவரிடம் கொடுத்தேன். விஷயம் புரிந்ததும் கூச்சத்தில் சிரித்தார். “கம்பெனி டாக்டருகூட இதைக் கேட்டதில்ல, நீ கேக்குற.” ஆனால் கொடுத்தார்.

அந்தச் சோதனை எளிது. நீலமாக இருக்கும் மருந்துநீரில் சில சொட்டு சிறுநீர் விட்டுச் சூடாக்க வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறும். மிக அதிகமென்றால் செங்கல் நிறம். அண்ணனுடையது இடைநிறங்களில் நிற்கவே இல்லை. வேறு புட்டியிலிருந்து மருந்துநீர் எடுத்து மறுபடி செய்தேன். மறுபடி செங்கல்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் மாடிப்படிக்குக் கீழே சைக்கிளின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இனிப்பு நீர் வியாதி இருக்கு.”

“யாருக்கு?”

“உங்களுக்கு.”

“குளுக்கோஸ் குடிச்சேன்ல, அதா இருக்கும்.”

“அது இல்லண்ணே. ஒடம்பு சாப்பாட்டைப் பிடிச்சுக்க மாட்டேங்குது. அதான் மெலியறீங்க.”

அவர் எண்ணெய்க் குவளையைக் கீழே வைத்தார். சங்கிலியில் வழிந்த எண்ணெயைத் துணியால் துடைத்தார். பிறகு, “அப்ப நான் கொறைக்கல?” என்றார்.

நான் மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

“சொல்லு தங்கச்சி. இந்த வருஷம் எறங்குனது எல்லாம் நான் எறக்குனது இல்லையா?”

“இல்லண்ணே.”

அவர் பயந்ததாகத் தெரியவில்லை. எதையோ பறிகொடுத்தவர்போல இருந்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. சாவைப் பற்றிக் கேட்பார் என்று அதற்கெல்லாம் பதில் தயாரித்துக்கொண்டு வந்திருந்தேன்.

மருத்துவர் தினமும் காலையில் இன்சுலின் ஊசி என்றார். விரதமே கூடாது, வேளாவேளைக்கு அளவாகச் சாப்பிட வேண்டும் என்றார். கண்ணாடி ஊசிக் குழாயை வெந்நீரில் கொதிக்க வைக்கவும், தொடையில் குத்தவும் அண்ணனுக்கு நான் கற்றுக்கொடுத்தேன். எங்களிடம் ஐஸ் பெட்டி இல்லை; மருந்தை ஈரமணல் நிரப்பிய மண்பானையில் வைத்தோம். தாகம் அடங்கியது. சோர்வு விலகியது. எடை ஏறியது. எடை ஏறுவது நல்ல அறிகுறி என்று மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னார். நான் அதை அண்ணனுக்குத் தமிழில் சொன்னேன். அவர் தலையாட்டினார். அடுத்த வாரம் பார்த்தபோது வார் வெளி ஓட்டைக்குப் போயிருந்தது.

பெண் வீட்டார் திரும்ப வரவில்லை. மறு தைப்பூசத்துக்கு அண்ணனால் விரதம் இருக்க முடியாது என்பதால், அவருக்காக அம்மா பால்குடம் எடுத்தார். அம்மா மெலிந்தார். அண்ணன் பக்கத்தில் நடந்து வந்தார், சட்டைப்பையில் ரொட்டியோடு.

சில மாதங்கள் கழித்து அவர் மறுபடி ஒடுங்கத் தொடங்கினார். எனக்கு அந்த வாரங்களில் அதிகாலை வேலை. ஊசி நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டேன். அம்மாதான் அரிசி களைந்துகொண்டே, எதுவும் நடக்காததுபோலச் சொன்னார். “அவன் தெனம் போட்டுக்கறதில்ல. போட்டா ஊதுதாம்.”

“நீங்க பாத்துக்கிட்டா இருந்தீங்க?”

“கொதிக்க வெக்கிறான், எடுக்கறான், சாக்கடைப் பக்கம் போறான். நான் என்னத்தைச் சொல்ல? இந்த ஒடம்புக்காக அவன் பட்ட பாடு எனக்குத் தெரியாதா?”

அன்று கடைக்கே போனேன். வாடிக்கையாளர் யாரும் இல்லை. மேலே படம், கீழே அண்ணன். இரண்டுக்கும் வித்தியாசம் குறைந்திருந்தது.

“ஊசி போடலேன்னா என்ன ஆவும்னு தெரியுமில்ல?”

“மெலிவேன்.”

“மெலிஞ்சு?”

அவர் பம்ப்பை எடுத்து, ஏற்கெனவே கெட்டியாக இருந்த ஒரு டயருக்குக் காற்று அடித்தார். “மெலிஞ்சு இருப்பேன்,” என்றார். “நீ கோவிச்சுக்காத. நாளையிலேருந்து போடறேன்.”

போட்டார். சில வாரங்கள். பிறகு மறுபடி நான் கேட்டேன், மறுபடி அவர் சொன்னார். நான் கோபப்பட்டிருக்கிறேன், அழுதிருக்கிறேன், வார்டில் பார்த்த, புண் அழுகிய கால்களைப் பற்றி ஒளிக்காமல் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் முழுவதும் கேட்பார். பந்தயக்காரர்களுக்குக் கேட்கும் பொறுமை அதிகம்.

இப்போது நிலைமை இது. நாங்கள் புக்கிட் மேராவில் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டோம். அண்ணனுக்கு இடது காலில் ஒரு விரல் இல்லை. செருப்பு கடித்த புண் அவருக்கு வலிக்கவே இல்லை, அதனால் தெரியவில்லை. பஸ்ஸில் கடைக்குப் போய் வருகிறார், உட்கார்ந்து விற்கிறார். படம் இன்னும் அங்கே இருக்கிறது. நான் வீட்டில் இருக்கும் காலைகளில் ஊசியை நானே போடுகிறேன். மற்ற காலைகளில் போட்டுக்கொள்வதாகச் சொல்கிறார். வார் உள் ஓட்டையில் இருக்கிறது.