பத்துப் பை மீன்குஞ்சும் ஒரு பிரேக் பைப்பும்

பௌர்ணமி அன்று காலை பத்து மணிக்குச் சாத்தனூர் அணையிலிருந்து கிளம்பினோம். ஜீப்பின் பின்னால் பத்துப் பை மீன்குஞ்சு. பைக்கு ஐந்நூறு. தண்ணீரும் காற்றும் அடைத்துக் கட்டியது. எட்டு மணி நேரம் தாங்கும் என்றார்கள்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அந்தப் பக்கம் எங்கள் குட்டை. கடைசி இரண்டு கிலோமீட்டர் செங்குத்தான மண் இறக்கம். பழைய ஜீப்தான் அதற்கு ஆகும். குட்டை என் மனைவி சாந்தி குத்தகைக்கு எடுத்தது. போன வருடம் கொண்டுபோன குஞ்சுகள் வழியிலேயே செத்துவிட்டன. இந்தத் தடவையும் செத்தால் குட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டாள்.

11.15. திருவண்ணாமலை டவுனுக்குள் நெரிசலாக இருக்கும் என்று கிரிவலப் பாதையில் திரும்பினேன். தப்பு. நடக்கிற கூட்டம் அதற்குள் வந்துவிட்டது. அடி அண்ணாமலையில் பிரேக்கை மிதித்தேன். பெடல் தரையோடு போய் ஒட்டியது. முன்னால் அன்னதான வரிசை. கியரைக் குறைத்தேன். கை பிரேக்கை இழுத்தேன். நாலு அடி தள்ளி நின்றது.

கடைசியில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். "நீங்களும் லைனுக்கா?"

கீழே படுத்துப் பார்த்தேன். பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப் துருப்பிடித்து வெடித்திருந்தது. ஆயில் ரோட்டில் ஓடியது. வெறுங்காலோடு நடக்கிறவர்கள் வழுக்கிவிடாமல் சாந்தி மண்ணை அள்ளிப் போட்டாள்.

எதிரிலேயே ஒர்க்‌ஷாப். ஷட்டர் பாதி மூடியிருந்தது. வாசலில் மெக்கானிக் சலீம் பாய் மோர் விற்றுக்கொண்டிருந்தார்.

"பௌர்ணமிக்கு ஸ்பேனர் தொட மாட்டேங்க. மோர்தான். டம்ளர் பத்து ரூபா."

"மீன்குஞ்சு இருக்கு பாய். உசுரோட."

வந்து எட்டிப் பார்த்தார். "மீனை எல்லாம் கிரிவலத்துக்குக் கூட்டியாந்துட்டீங்களா?" என்றார். கரண்டியைச் சாந்தியிடம் நீட்டினார். "அப்ப நீங்க ஊத்துங்கம்மா. கேட்டா கொஞ்சம் ஜாஸ்தியாவே ஊத்துங்க. ரெண்டு மணிக்கு ரோட்ட மூடிடுவாங்க. அப்புறம் நாளைக்குத்தான்."

ஜீப்பைத் தள்ளி உள்ளே விட்டோம். பைகளை நிழலில் வைத்தோம். பாய் பழைய பைப்பைக் கழற்றி, அதே வளைவுக்குப் புதுப் பைப்பைக் கையாலேயே வளைத்தார். நுனியை விரித்து நட்டு மாட்டினார். ஆயில் ஊற்றினார்.

12.50. பைப்புக்குள் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். நான் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். அவர் சக்கரத்தில் திருகைத் திறந்து மூடுவார். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். அன்னதானப் பந்தலில் ஒலிபெருக்கி அலறியது. பாய் பேசியது ஒன்றும் கேட்கவில்லை. காலை எடுத்துவிட்டேன்.

"போச்சு. ஏர் திரும்ப ஏறிடுச்சு. முதல்லேர்ந்து."

"கேக்கல பாய்."

"காது வேணாம். காலுக்கே சொல்றேன்."

ஸ்பேனரால் சேஸிஸைத் தட்டினார். ஒரு தட்டு, பிடி. இரண்டு தட்டு, விடு. உள்ளங்காலில் தெரிந்தது. தட்டத் தட்டப் பெடல் இறுகியது. நான்கு சக்கரம் முடிய 1.30.

ரோட்டில் ஓட்டிப் பார்க்க வழியில்லை. பின்னால் ஏரிக்கரை மேட்டில் ஏற்றினோம். இறக்கத்தில் மிதித்தேன். நின்றது. பாயும் ஒரு தரம் மிதித்துப் பார்த்தார். தொள்ளாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டார்.

"மோர் எவ்ளோ ஓடுச்சும்மா?"

"பானை காலிங்க."

"அது சாயங்காலம் வரைக்கும்மா."

"ஜாஸ்தியா ஊத்துன்னு நீங்கதான சொன்னீங்க."

பாய் சிரித்துவிட்டார். தடுப்பை இழுத்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் எங்களை விட்டபோது 1.52. வேங்கிக்கால், போளூர், மலைப்பாதை. எழுபத்தைந்து கிலோமீட்டரும் சாந்தி பின்னால் பைகளோடு உட்கார்ந்து வந்தாள்.

5.10. எங்கள் இறக்கம். ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடித்தது. பைகளைக் கால் மணி நேரம் குட்டையில் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் அவிழ்த்தோம். செத்தவை முப்பது இருக்கும்.

திருவண்ணாமலையில் அத்தனை ஜனமும் ஒரே பக்கமாக நடந்தது. எங்கள் குட்டையில் குஞ்சுகள் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றன. பிறகு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் ஓடியது. சாந்தி சேலை நனைய இடுப்பளவு தண்ணீரில் நின்று, அடுத்த வருடம் இருபது பை என்றாள்.