கரண்ட் போன பிறகு எரிந்த பல்ப்

சீனக்குடாப் பக்கம் கடலோரமாக இருந்த ஓர் ஐஸ் தொழிற்சாலையில் நான் நாலு வருடம் மின்வேலை பார்த்தேன். அங்கே வேலை செய்த ஒரே பெண் நான்தான். ஐஸ் உடைக்கும் மெசினைக் கவனித்துக்கொண்டவர் சல்லிக் கிராமத்திலிருந்து மோட்டார்சைக்கிளில் வருவார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அண்ணை என்பேன், அவர் தங்கச்சி என்பார். மின்சார விஷயத்தில் நான் சொன்னதை அவர் ஒருநாளும் மறுத்துக் கேட்டதில்லை.

அந்த மெசினுக்குப் போகும் கேபிள் அளவுக்கு மீறிச் சூடாகிக்கொண்டிருந்தது. காரணம் எனக்குத் தெரியும். ஆடலோட்ட மின்சாரத்தில் மின்னழுத்தம் ஓயாமல் ஏறி இறங்கித் திசை மாறிக்கொண்டே இருக்கும். மோட்டருக்குள் மின்னோட்டம் அதற்குச் சற்றுப் பிந்தித்தான் வரும். தன் காந்தத்துக்காக அது கூடுதலாக இழுக்கும் அந்த ஓட்டம்தான் கேபிளைச் சூடாக்கியது. மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கப்பாசிற்றரில் நேர்மாறு. முதலில் மின்னோட்டம் பாய்ந்து அதை நிரப்ப வேண்டும். நிரம்ப நிரம்பத்தான் மின்னழுத்தம் பின்னால் ஏறும். இரண்டையும் சேர்த்துப் பூட்டினால், மோட்டர் தன் காந்தத்துக்காகக் கேட்கும் ஓட்டத்தைப் பக்கத்திலிருக்கும் கப்பாசிற்றரே கொடுத்து வாங்கிக்கொள்ளும். நீண்ட கேபிள் வழியாக அதை இழுத்துவரத் தேவையில்லை.

மூன்று கப்பாசிற்றர்களை மோட்டரின் முனைகளிலேயே நேராகப் பூட்டினேன். கடையில் கிடைத்தவை தேவையைவிடப் பெரியவை. பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். அன்று பின்னேரம் கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். சூடு தணிந்திருந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

இரண்டு கிழமை போயிருக்கும். காலை பதினொரு மணியளவில், மெசின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. ஊரில் அடிக்கடி நடப்பதுதான்.

"தங்கச்சி, மோட்டர்ப் பெட்டிக்குள்ள ஒரு நட் லூசாக் கிடக்கெண்டு காலமை சொன்னனெல்லோ. கரண்ட் வாறதுக்குள்ள இறுக்கிவிடட்டோ?"

நான் பிரதான சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டேன். "ஓம் அண்ணை, கரண்ட் இல்லை, இறுக்குங்கோ" என்றேன்.

மெசினின் பாரச் சக்கரம் இன்னும் வேகமாகச் சுழன்றுகொண்டிருந்தது. தானாக ஓய்ந்து நிற்க நேரமெடுக்கும். தினமும் பார்ப்பது என்பதால் இருவருமே அதைக் கணக்கெடுக்கவில்லை. பெட்டியின் மூடி காலையிலிருந்தே ஒரு திருகாணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை ஒரு கையால் விலக்கினார்.

அப்போதுதான் நான் மேலே பார்த்தேன். மோட்டர் ஓடுகிறதென்று காட்டுவதற்காக அதன் முனைகளோடு தொடுத்திருந்த சிறிய பல்ப் எரிந்துகொண்டிருந்தது. கூரையிலிருந்த விளக்குகள் எல்லாம் அணைந்திருக்க, அது மட்டும் வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிந்தது.

வெளியிலிருந்து கரண்ட் வரவில்லை, சரி. ஆனால் சக்கரம் மோட்டரைச் சுழற்றுகிறது, அளவுக்கு மீறிப் பெரிய கப்பாசிற்றர் அதன் காந்தத்தைச் சாகவிடாமல் வைத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து தாங்களே மின்சாரம் உண்டாக்கிக்கொண்டிருந்தன.

"அண்ணை, கை வையாதேங்கோ."

அதற்குள் அவர் கையிலிருந்த ஸ்பனர் பெட்டிக்குள் போய்விட்டது. ஒரு வெட்டொளி, ஒரு சத்தம். அவர் பின்பக்கமாகத் தூக்கியெறியப்பட்டு ஈரத் தரையில் விழுந்தார்.

நான் ஓடிப்போகவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. தரை முழுக்க உருகிய ஐஸ் தண்ணீர். எதில் மின்சாரம் இருக்கிறது, எதில் இல்லை என்று எனக்குத் தெரியவில்லை. அதுவரை எனக்குத் தெரிந்ததென்று நினைத்த ஒன்றையும் நம்ப ஏலாமல் இருந்தது. அங்கேயே நின்று, பல்ப் மங்கி அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். சில விநாடிகள்தான். அவருடைய கண்கள் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பிறகு போய் முழங்காலிட்டு மூக்கருகே கையை வைத்தேன். மூச்சு இருந்தது. உதடு அசைந்தது.

"கரண்ட் இல்லையெண்டெல்லோ சொன்னனீங்கள்."

நான் வாசலைப் பார்த்துக் கத்தி ஆள் கூப்பிட்டேன்.

ஐஸ் ஏற்ற வந்த இரண்டு பேர் அவரைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினார்கள். பெரியாஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவருடைய மணிக்கட்டை நான் விடவில்லை. நாடி ஓடும், ஒன்று தவறும், மறுபடி ஓடும். தவறும் ஒவ்வொரு தடவையும் நான் மாதாவைக் கூப்பிட்டேன்.

இரண்டு விரல்களில் தீக்காயம். இதயத் துடிப்பு சீராக இல்லாததால் வீட்டுக்கு விடாமல் வாட்டில் மறித்து வைத்தார்கள். அவருடைய மனைவி மத்தியானம் வந்தார். என்னோடு ஒருநாளும் கதைத்திராத மனுசி. வாட்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மெல்லக் கேட்டார்.

"மெயின் சுவிட்ச் நிப்பாட்டித்தான் இருந்ததாமே. அப்ப எங்கயிருந்து கரண்ட் வந்தது?"

"நான் பூட்டின சாமானால வந்தது, அக்கா. பூட்டின விதம் பிழை. நான்தான் தொடலாமெண்டும் சொன்னனான்."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று முழுக்க என் பக்கம் திரும்பவில்லை.

கரண்ட் திடீரென்று வந்துவிட்டது என்று விபத்து அறிக்கையில் எழுதச் சொன்னார் முதலாளி. அப்படி எழுதினால் என்மேல் ஒன்றும் வராது. ஆனால் என்னைப் போல இன்னொருவர் அதே பிழையை விடலாம். நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள்.

கப்பாசிற்றர்களைக் கழற்றின அன்று, மெசின் நின்று ஒரு மணித்தியாலத்துக்கு மேலான பிறகுதான் கை வைத்தேன். அளவான சிறியவற்றை வாங்கிப் பிரதான சுவிட்ச் பலகையில் வைத்தேன். கரண்ட் போனால் தாமாகவே மோட்டரிலிருந்து விலகி, உள்ளே தேங்கியதையும் வடித்துவிடும்படி.

அவர் ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். சுட்ட விரல் ஒன்று முழுதாக மடியவில்லை. என்மேல் கோபமா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. முதல்நாளே ஒரு பெல்ட் மாற்ற வேண்டியிருந்தது. மெசினை நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிட்டேன். வந்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

"தங்கச்சி, முதல் நீங்கள் தொடுங்கோ."

மீற்றரை வைத்து மோட்டரின் முனைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முள் அசையவில்லை. அவர் பார்த்துக்கொண்டு நிற்க, கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தேன்.