அடியில் இருந்த அன்னப்பட்சி

ரங்கநாயகி போய்விட்டாள் என்று அவள் தம்பி போனில் சொன்னபோது நான் வாலாஜாபாத் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்துப் பக்கத்திலிருந்த அம்மாள் எழுந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்து அழுதேன். ஊர் வந்து சேருவதற்குள் சிரிப்பும் வந்துவிட்டது. அவளை நினைத்தால் அப்படித்தான். 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எழுதினால், "யாருடி அது?" என்று கேட்பாள். அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

அவளோடு பழகியவர்களுக்குத் தெரியும், சின்ன காஞ்சிபுரத்துக்காரி, வாய் ஓயாது. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ஒரு பட்டுப் புடவைக் கடையின் டிசைன் அறையில் இருவரும் வேலை பார்த்தோம். நான் கம்ப்யூட்டரில் பார்டரும் முந்தானையும் போடுவேன். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவள். ஒன்று மக்கர் செய்தால் முதலில் அதைத் திட்டுவாள், பிறகு எங்களைத் திட்டுவாள், அப்புறம்தான் கை வைப்பாள்.

எல்லா டிசைனும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று ஒரு புது சர்வர் வாங்கினார்கள். காலையில் எங்கள் மெஷினைப் போட்டதும் சர்வரின் ஃபோல்டர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்படி அவள் அமைத்திருந்தாள். நாலு நாள் ஒழுங்காக ஒட்டியது. அப்புறம் வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் முதலாளியின் பூஜையில் சின்னதுக்கெல்லாம் முதல் கற்பூரம், பெரியதற்குக் கடைசியில்தான். எங்கள் மெஷின்களுக்குப் பொட்டு வைத்து, ஓட விட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் தேங்காய் உடைத்து, இரவில் அணைத்து வைத்திருந்த சர்வரைப் போட்டார்.

அன்று என் ஃபோல்டர் காலியாக இருந்தது. புது சர்வர்தானே, பழையதையெல்லாம் வேறு இடத்துக்கு மாற்றியிருப்பார்கள் போலும் என்று நான் பாட்டுக்கு ஒரு முகூர்த்தப் புடவைக்கு அன்னப்பட்சி பார்டர் போட்டு அதிலேயே சேமித்தேன். மறுநாள் பெண் வீட்டார் பார்க்க வந்தார்கள். ஃபோல்டரில் பழைய டிசைன்கள் எல்லாம் இருந்தன, என் அன்னப்பட்சியைத்தான் காணோம்.

முதலாளி அவர்கள் எதிரிலேயே கேட்டார்: "இன்னாம்மா, பறந்து பூடுச்சா? வேற கடைக்கு எதுனா குடுத்துட்டியா?"

டிசைனை வெளியே விட்டவள் என்று எங்கள் ஊரில் பெயர் வாங்கினால் அப்புறம் எந்தக் கடைப் படியும் ஏற முடியாது.

"மொதல்ல அவாளுக்குக் காபி சொல்லுங்கோ," என்றாள் ரங்கநாயகி. என் நாற்காலியில் உட்கார்ந்தாள். சர்வரின் ஃபோல்டரைக் கழற்றிவிட்டாள். அது இருந்த இடத்தில் என் மெஷினின் சொந்த ஃபோல்டர் தெரிந்தது. அதற்குள் என் அன்னப்பட்சிகள் வரிசையாக நின்றன. "பூஜை முடியறதுக்குள்ள இவ மெஷின் முழிச்சுண்டுடுத்து. சர்வர் இல்லாததால இங்கேயே சேமிச்சுடுத்து. இன்னிக்கு சர்வரோட ஃபோல்டர் இது மேலயே வந்து உட்கார்ந்துடுத்து. அடியில இருக்கறது எப்படித் தெரியும்?"

பெண் வீட்டார் கை தட்டினார்கள். முதலாளி பயந்துபோய், "அப்ப பூஜைய மாத்தணுமா?" என்றார்.

"பெருமாளை எதுக்கு அவசரப்படுத்தணும்? மெஷின் காத்துண்டிருக்கட்டும்." யாராவது திறக்கும்போதுதான் ஃபோல்டர் வந்து ஒட்ட வேண்டும், சர்வர் இல்லையென்றால் சேமிக்கவே விடக்கூடாது என்று மாற்றி அமைத்தாள். திங்கட்கிழமை முதலாளி எட்டிப் பார்த்து, "அய்யோ, ஃபோல்டரையே காணோம்!" என்று கத்தினார். "கதவைத் தட்டாம உள்ள யாரு இருக்கான்னு பார்த்தா எப்படி? ஃபோல்டர் பேரை அடிச்சு உள்ள போங்கோ, வரும்," என்றாள். போனார், வந்தது. அன்று முழுவதும் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அவரே திறந்து திறந்து காட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வாரக் கடைசியில் அவளைக் கேட்டேன், அடியில் பார்க்க வேண்டும் என்று எப்படித் தோன்றியது என்று. ஏதோ பெரிய கம்ப்யூட்டர் வித்தையாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். வாய் நிறைய வடையோடு சொன்னாள்: "நீ குடுத்திருக்க மாட்டே. அப்போ அது உள்ளதானே இருந்தாகணும்? அங்கேர்ந்துதான் ஆரம்பிச்சேன்."

இன்று எனக்கென்று ஒரு சின்ன டிசைன் அறை இருக்கிறது, பெண்கள் சிலர் வேலை பார்க்கிறார்கள். போன மாதம் ஒரு முந்தானை டிசைன் காணாமல் போனது. அதைப் போட்ட பெண் அழ ஆரம்பித்தாள். "நீ எடுக்கலன்னு தெரியும்மா. வா, தேடலாம்," என்றேன். ரங்கநாயகியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.