ஐஸ் மூட்டையும் மூன்றாவது கியரும்: காசிமேட்டிலிருந்து முகத்துவாரக்குப்பம் வரை

என் சின்ன மருமகன் முருகேசன் எண்ணூர் பக்கம் முகத்துவாரக்குப்பத்தில் புது ஃபைபர் படகு வாங்கினான். போன ஞாயிற்றுக்கிழமை அதைத் தண்ணீரில் இறக்கினார்கள். படகின் பெயர் மரகதம், என் மனைவியின் பெயர். அவனுக்குப் பெண் கொடுக்க வேண்டாம் என்று வீடே சொன்னபோது, கொடுத்தே தீரவேண்டும் என்று நின்றவள் அவள் ஒருத்திதான். அந்தப் பெயரைப் படகில் எழுதும் வேலை எனக்கு. எழுபது வயதுக்கு மேல் மாலை வகுப்பில் எழுத்துப் படித்த எனக்கு, வீட்டுக்கு வெளியே எழுதக் கிடைத்த முதல் இடம் அது.

முருகேசன் ஒரு கெடு வைத்திருந்தான். அங்கே கழிமுகத்தில் மணல் மேடிட்டுக் கிடக்கிறது. தண்ணீர் ஏறி நிற்கும் நேரத்தில்தான் படகு கடலுக்குப் போக முடியும். அன்றைக்கு அது பகல் பன்னிரண்டு மணி வரைதான். "மாமா, பதினொண்ணுக்குள்ள வந்தா நீ எழுது. இல்லாங்காட்டி ஸ்டிக்கர ஒட்டினு போய்க்கினே இருப்பேன்" என்றான். ஸ்டிக்கர் ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டான்.

காசிமேட்டிலிருந்து அங்கே ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர். என் பெரிய மகள் கற்பகத்தின் காரில் ஒன்பதரைக்குக் கிளம்பினோம். பழைய வண்டிதான், ஆனால் ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். ஏறும்போதெல்லாம் நான் அவளுடைய இடது காலைப் பார்ப்பேன். வேலையே இல்லாமல் சும்மா இருக்கும். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருக்கும்.

படகின் முதல் நடைக்கு ஐஸ் வேண்டும் என்று முருகேசன் கேட்டிருந்தான். நான் முப்பது வருஷம் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைத்தவன். நானே நொறுக்கி, மீன் கட்டி வந்த கோணியில் அள்ளி, இறுக்கிக் கட்டினேன். டிக்கி முழுக்க விருந்துக்கான பாத்திரம். அதனால் மூட்டையை, கற்பகத்துக்குப் பக்கத்தில் காலியாக இருந்த முன் சீட்டுக்குக் கீழே, கால் வைக்கும் இடத்தில் வைத்தோம். மரகதம் பெயிண்ட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் பின்னால் உட்கார்ந்தாள்.

திருவொற்றியூர் தாண்டும் வரை சுகமான பயணம். வலது பக்கம் கடல், இடது பக்கம் வரிசையாக கன்டெய்னர் லாரிகள். ஒரு லாரி குறுக்கே வர, கற்பகம் பிரேக்கை அழுத்தி மிதித்தாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. அதன்பின் கியர் மாறவே இல்லை. மூன்றிலேயே நின்றுவிட்டது.

ஓரம் கட்டி, அணைத்து மறுபடி கிளப்பினாள். சரியாகிவிட்டது. அரை கிலோமீட்டர் போனோம். இன்னொரு பிரேக், மறுபடியும் அதே விளக்கு. அதற்குள் எர்ணாவூர் மேம்பாலத்தில் ஏறிவிட்டோம். முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி. மூன்றாவது கியரில் மேட்டில் ஏற வண்டி முனகியது.

"நைனா, நின்னா இங்கருந்து கிளப்ப முடியுமான்னு தெர்ல" என்றாள் கற்பகம். கண் ரோட்டிலேயே இருந்தது.

பின்னால் லாரிக்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். மரகதம் ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே விட்டு, வண்டி ரிப்பேர், மேலே ஏறுகிற வரை பொறுத்துக்கொள், உனக்குப் புண்ணியமாகப் போகும் என்று சத்தம் போட்டாள். அந்த மனிதர் ஹாரனை நிறுத்தியதோடு, லாரியைக் கொஞ்சம் குறுக்காகப் பிடித்து, மற்ற வண்டிகள் எங்களை இடித்துவிடாதபடி மெதுவாகவே பின்னால் வந்தார். ஆள் ஓடுகிற வேகத்தில்தான் ஏறினோம். ஆனாலும் என் மகள் நிற்கவில்லை. பாலத்தின் உச்சி வந்ததும் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து மூச்சு விட்டோம்.

இறக்கத்தில் ஒரு மெக்கானிக் ஷெட், பக்கத்திலேயே பஞ்சர் கடை. மெக்கானிக் விளக்கைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கியர்பாக்ஸ் போயிருந்தால் லட்சத்தில் முடியும், வண்டியை விட்டுவிட்டு ஆட்டோவில் போங்கள் என்றார். மணி பத்தேகால். ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஆட்டோவும் கண்ணில் படவில்லை.

கற்பகம் யோசித்தாள். ஒவ்வொரு முறையும் பிரேக் போட்ட பிறகுதானே விளக்கு வந்தது என்றாள். குனிந்து முன் சீட்டுக்குக் கீழே கையை விட்டாள். கை சொட்டச் சொட்ட வெளியே வந்தது. முகர்ந்து பார்த்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். மீன் வாடை.

மெக்கானிக்கும் குனிந்தார். அந்த வண்டியில் கியரை மாற்றச் சொல்கிற கம்ப்யூட்டர் பெட்டி அந்த சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறதாம். பிரேக் போடும்போதெல்லாம் ஐஸ் தண்ணீர் முன்னும் பின்னும் அலையடித்து அதன் வயர் முனையில் ஏறியிருக்கிறது. கோணியில் இருந்த உப்பும் அதில் கலந்திருக்கிறது.

"பெர்சு, இது இன்னா மீன்பாடி வண்டியா?" என்றார்.

கேள்வி நியாயம்தான். காசிமேட்டில் ஐஸ் எப்போதும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில்தான் போகும். ஒழுகினால் ரோட்டுக்கு ஒழுகும். காரில் ஏற்றினால் தண்ணீர் எங்கே போகும் என்று நாங்கள் மூன்று பேரும் நினைக்கவே இல்லை.

பேட்டரி வயரைக் கழற்றி, சீட்டைத் தூக்கி, வயர் முனையைப் பிரித்து, ஸ்ப்ரே அடித்துத் துடைத்தார். பஞ்சர் கடையின் காற்றுக் குழாயை இழுத்து வந்து ஈரம் போக ஊதினார். மறுபடி மாட்டி, கம்ப்யூட்டர் பெட்டியில் பதிந்திருந்த பழைய கோளாறை ஒரு கருவியால் அழித்தார். கற்பகம் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கியர் தானாக ஏறியது. கூலியும் ஸ்ப்ரேயும் சேர்த்து அறுநூறு ரூபாய். மிச்ச ஐஸை டிக்கியில் ஒரு பெரிய அண்டாவில் கொட்டி மூடினோம்.

முகத்துவாரக்குப்பம் சேரும்போது பதினொன்று இருபது. முருகேசன் ஸ்டிக்கரின் பின்தாளை உரித்து, படகின் இடது பக்கத்தில் பாதி ஒட்டியிருந்தான். மரகதம் இறங்கி நேராகப் போனாள்.

"மாப்ள, அது என் பேரு. அந்தப் பக்கம் என் வூட்டுக்காரரு எழுதுவாரு. அதுலயும் ஒட்டினா கடலுக்கு வந்து பிச்சிடுவேன்."

அவன் சிரித்துக்கொண்டே வலது பக்கத்தைக் காட்டினான்.

நான் மணலில் மண்டி போட்டு எழுதினேன். ஐந்தே எழுத்து. தூக்கிவிட நின்ற ஆட்கள் தண்ணீரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருத்தன், தாத்தா இன்னும் 'க'வுக்கே வரலை என்றான். நான் அவசரப்படவில்லை. கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு எழுந்தபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, எல்லாரும் தோள் கொடுத்துத் தள்ளினோம். மணல் மேட்டைப் படகு உரசாமல் கடந்தது. மரகதம் கைதட்டினாள். நான் அவள் பெயரைச் சத்தமாக, எழுத்துக் கூட்டாமல் படித்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஞாயிறு காலை நல்லது, மற்ற நாளில் லாரி இன்னும் அதிகம். கார் இல்லையென்றால் எண்ணூர் வரை மின்சார ரயில், அங்கிருந்து ஆட்டோ. ஆட்டோமேட்டிக் காரில் கியர் விளக்கு எரிந்தால் உடனே லட்சக் கணக்குப் போடாதீர்கள். ஓரம் கட்டி, கீழே ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அதே கோளாறோடு ரொம்ப தூரம் ஓட்டவும் வேண்டாம். ஐஸை மூடி போட்ட பெட்டியில் கொண்டு போங்கள்.

கழிமுகத்தில் குப்பத்துப் பக்கமாக நின்று, படகு வெளியே போகும்போது பாருங்கள். திரும்பி வரும்போது பார்த்தால் ஸ்டிக்கர்தான் தெரியும்.